கூலியும் இல்லை! பெயரும் இல்லை!

திருப்பூர் பனியன் கம்பெனியிலே செக்கிங் மேஜை முன்பு நிற்கும் தொழிலாளியைப் பார்த்திருப்பீர்கள். தைத்து வந்த பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஓட்டையா, கறையா, தையல் விட்டிருக்கிறதா என்று தேடுவார். பழுதிருந்தால் ஒதுக்குவார், சரியாயிருந்தால் அனுப்புவார். அவர் கண் தவறினால் கம்பெனியின் பெயரே கெடும். அவருக்குத் தரும் கூலி போதாது என்று வாதாடுகிறோம், போராடுகிறோம். ஆனால், "பார்த்துக் கொடு, கூலி கிடையாது" என்று சொல்ல எந்த முதலாளிக்கும் துணிவு வராது.

அந்தத் துணிவு படைத்த முதலாளிகளும் இருக்கிறார்கள், தோழர்களே! அவர்கள் பனியன் விற்பவர்கள் அல்லர். ஆராய்ச்சி ஏடுகளை விற்பவர்கள்.

விஞ்ஞானி ஒருவர் தாம் கண்டதைக் கட்டுரையாக்கி ஏட்டுக்கு அனுப்புகிறார். ஆசிரியர் அதனை உடனே அச்சேற்றுவதில்லை. அதே துறையில் வல்லவர் இரண்டு மூன்று பேரிடம் அனுப்புகிறார். கணக்கு சரியா, சோதனை முறையா, முடிவு பொருந்துகிறதா என்று அவர்கள் பார்த்து, குறை நிறை எழுதித் தருகிறார்கள். லண்டன் ராயல் சங்கம் 1832லேயே இத்தகைய மதிப்பீடுகளை எழுத்தில் கேட்டு வாங்கத் தொடங்கியது. இன்று உலகெங்கும் இதுவே நடைமுறை. இந்த உழைப்புக்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை. உழைத்தவர் பெயரும் வெளியே வருவதில்லை.

படித்தவர் பாடு, பாட்டாளிக்கு என்ன என்று கேட்கலாம். 2016இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ வந்திறங்கியது நினைவிருக்கிறதா? ஓலை கறுத்தது, உழவன் முகமும் கறுத்தது. மருந்தை அள்ளித் தெளிக்காதே, அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற சிறு குளவியைக் காப்பாற்று என்றனர் ஆராய்ச்சியாளர். இப்படிப்பட்ட முடிவு பிழையாய்ப் போனால் தோப்பை இழப்பவன் யார்? எழுதியவரா? இல்லை, உழவன்! ஆகவே சரிபார்ப்பவர் கண் அவனுக்கும் காவல்.

காவல் தளர்ந்தால் என்ன ஆகும்? ஹிந்தாவி என்ற பதிப்பகத்தைப் பாருங்கள். மதிப்பீட்டிலேயே மோசடி புகுந்து, 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது.

2020இல் உலகெங்கும் மதிப்பீட்டுக்குச் செலவான நேரம் 10 கோடி மணிக்கு மேல் என்று, மறு ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இனி, எல்ஸ்வியர் ஏடுகளை வெளியிடும் ரெலெக்ஸ் குழுமத்தைப் பாருங்கள். அதன் அறிவியல் பிரிவு 2023இல் 100 பவுன் வரவுக்குச் சுமார் 38 பவுன் லாபம் கண்டது. உழைப்பு இலவசம், லாபம் அவர்கள் வசம்!

எதற்கெடுத்தாலும் 'ஒரே நாடு' என்று ஓதும் டெல்லி, 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஏடுகள்; 2025 முதல் 2027 வரை 6,000 கோடி ரூபாய். கோவை வேளாண் கல்லூரி மாணவனும் அந்த ஏடுகளைப் படிக்கட்டும், வரவேற்போம். ஆனால், அரசுக் கல்விக்கூடத்தில் எழுதுபவருக்கும் சரிபார்ப்பவருக்கும் சம்பளம் நம் வரிப்பணம். அவர்கள் உழைப்பில் விளைந்ததைப் படிக்கவும் நம் வரிப்பணமா?

"அது அறிவுத்தொண்டு, தொண்டுக்குக் கூலி கேட்கலாமா?" என்பர் சிலர். தொண்டு செய்பவர் சொல்லட்டும் அதை, லாபம் பார்ப்பவர் சொல்லக் கூடாது! "பெயரை வெளியிட்டால், பெரியவர் கட்டுரையில் குறைகாண இளையவர் அஞ்சுவாரே" என்பர். நியாயமான கேள்வி. எந்தக் கட்டுரையை யார் பார்த்தார் என்பது மறைவாகவே இருக்கட்டும். ஆண்டு முடிவில் உழைத்தவர் அனைவர் பெயரையும் ஒரே பட்டியலாக வெளியிட என்ன தடை? சில ஏடுகள் அப்படிச் செய்கின்றனவே!

மதிப்பீட்டைப் பதிந்துவைக்கப் பப்ளான்ஸ் என்ற அமைப்பு 2012இல் நியூசிலாந்தில் தோன்றியது. 2017இல் கிளாரிவேட் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. நன்றி சொல்லும் ஏற்பாடும் வணிகன் கைக்குப் போயிற்று!

இங்கோ, டெல்லியின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை கட்டுரையை எண்ணுகிறது, மேற்கோளை எண்ணுகிறது. மதிப்பீட்டு உழைப்பை எண்ணுவதில்லை. எண்ணாத வேலையை எத்தனை நாள் செய்வார் இளம் ஆசிரியர்?

நாம் கேட்பது மூன்று. நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பதவி உயர்வில் இந்த உழைப்பைக் கணக்கில் எடுக்கட்டும். பல்கலைக்கழகங்களும் அறிஞர் சங்கங்களும் லாபமின்றி நடத்தும் ஏடுகள், ஆண்டுதோறும் நன்றிப் பட்டியல் வெளியிடட்டும். லாபம் குவிக்கும் பதிப்பகங்களிடம் டெல்லி அடுத்த சந்தா ஒப்பந்தம் பேசும்போது, நம் அறிஞர்கள் செய்யும் மதிப்பீட்டு வேலையின் மதிப்பைச் சந்தாவில் கழிக்கச் சொல்லட்டும்.

கோயில் கல்வெட்டில் கொடை தந்தவன் பெயர் இருக்கிறது. கல் சுமந்தவன் பெயர் எங்கே என்று கேட்டு வளர்ந்தது நம் இயக்கம். கல் சுமந்தாலும் கணக்குப் பார்த்தாலும் உழைப்பு உழைப்பே! பனியன் சரிபார்க்கும் கைக்காகக் குரல் கொடுத்த நாம், அறிவைச் சரிபார்க்கும் கண்ணுக்காகவும் குரல் கொடுப்போம்!