துருவ நட்சத்திரமும் கொட்டாங்குச்சியும்

கம்ப்யூட்டர் கேம் செய்யப் போறோம்னு நம்மாளுங்க நாலு பேர் கிளம்பினா முதல் சண்டை எதுல வரும்னு நினைக்கறீங்க? பேர்ல! தூய தமிழா, சமஸ்கிருதமா, இங்கிலீஷா, கூட்டெண் சரியா வருதா... இதுலயே ஆறு மாசம் ஓடிரும். ரொம்ப நாளா மனசுல இருக்கற கடுப்பு இது. இன்னைக்கு இறக்கி வச்சிடறேன். அடிக்க வர்றவங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டு வாங்க :-)

பேர்ல என்னமோ இருக்குன்னு நம்பறவங்களுக்கு துருவா இன்டராக்டிவ் கதையைச் சொல்றேன். 1997ல் பெங்களூரில் ராஜேஷ் ராவ் ஆரம்பித்த நிறுவனம். இந்திய கேம் துறையின் முன்னோடி. பேரைப் பாருங்க. துருவம்னா அசையாதது, நிலையானது. இதைவிட ராசியான பேர் எந்த ஜோசியருக்காவது கிடைக்குமா?

2016 டிசம்பரில் சுவீடனின் ஸ்டார்பிரீஸ் இதன் 90.5 சதவீதப் பங்கை சுமார் 85 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2018 கடைசியில் ஸ்டார்பிரீஸுக்கே கழுத்தை நெரிக்கும் கடன். 2019 மே மாதம், தன் பங்கை சுமார் 79 லட்சம் டாலருக்கு ராக்ஸ்டாரிடம் தள்ளிவிட்டது. ஆமாங்க, வாங்கின விலையை விடக் குறைச்சல். ராக்ஸ்டார் இதைத் தன்னுடைய பெங்களூர் கிளையோடு சேர்த்துக்கொண்டது. துருவா என்ற பேர் போயே போச்சு. அசையாத நட்சத்திரத்துக்கு ஆயுசு 22 வருஷம்.

"ராக்ஸ்டாரே நம்ம கம்பெனியை வாங்கிட்டான், பெருமைப்படுங்க சார்" என்று சொல்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. அவன் ஏன் பேரை வாங்கிக்கலை?

இதே உலகத்துல நேர் எதிரான கதையும் நடந்திருக்கு. அட்டாரி தெரியும்ல? 1972ல் பாங் கேமை விட்ட அமெரிக்க நிறுவனம். அந்தப் பேர் ஜப்பான்காரர்களின் கோ ஆட்டத்தில் வரும் சொல். அடுத்த நகர்த்தலில் உன் காய் பிடிபடப் போகுதுன்னு அர்த்தம். எச்சரிக்கை மாதிரி. அசல் அட்டாரி உடைந்து, கைமாறி, மறுபடி கைமாறி, 2001ல் இன்ஃபோகிராம்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. இன்ஃபோகிராம்ஸ் என்ன பண்ணுச்சு? 2003ல் அமெரிக்கக் கிளைக்கு, 2009ல் தலைமை நிறுவனத்துக்கே, அட்டாரி என்று பேர் மாற்றியது. வாங்கினவன் தன் பேரைக் கழற்றிப் போட்டுட்டு, நொடித்துப் போனவன் பேரை மாட்டிக்கிட்டான்!

பிடிபடப் போகுதுன்னு அர்த்தம் உள்ள பேர் பிழைச்சுது. நிலையானதுன்னு அர்த்தம் உள்ள பேர் செத்துது. அகராதியைத் தூக்கி ஓரமா வைங்கய்யா.

இதுல இன்னொரு கூத்து. துருவாவின் ஆரம்பகால வேலைகளில் ஒன்று 'மிஷன் இம்பாசிபிள்' கேமின் கணினி வடிவம். கொடுத்தது யாரு? அதே இன்ஃபோகிராம்ஸ். அட்டாரியின் பேர் டப்பா மேல, டிவி திரையில, சின்னப் பசங்க வாயில இருந்தது. துருவாவின் பேர்? 'ஃபோர்சா' வரிசை கார் பந்தய கேம்கள்ல ஆரம்பிச்சு எத்தனையோ பெரிய கேம்களுக்குப் படம் வரைந்து, பொருள் செய்து கொடுத்தாங்க. விளையாடினவன் எத்தனை பேருக்கு அது தெரியும்? கடைசியில ஓடுற பொடி எழுத்துப் பட்டியலை யார் படிக்கறா?

புராணத்துல துருவன் கதை என்ன? அப்பா மடியில உட்காரப் போனவனைச் சித்தி விரட்டிட்டா. பய வேற மடி தேடிப் போகலை. காட்டுக்குப் போய்த் தவம் இருந்து தனக்குன்னு ஓர் இடம் வாங்கினான். பெங்களூர் துருவா சொந்தமா சில முயற்சிகள் செஞ்சாலும், முக்கால்வாசி அடுத்தவன் மடியிலேயே உட்கார்ந்திருந்தது. மடிக்காரன் எழுந்தா கீழே விழ வேண்டியதுதானே?

தமிழ்க் காதுக்கு துருவான்னா இன்னொண்ணும் ஞாபகம் வரும். தேங்காய் துருவறது. துருவின பூ அவங்க குழம்புக்கு, கொட்டாங்குச்சி நமக்கு.

உடனே "அவுட்சோர்சிங் சோறு போட்டுச்சே, 1997ல் இந்தியாவுல கேம் காசு கொடுத்து வாங்க யார் இருந்தா" என்பீர்கள். நியாயம்தான். திருட்டு சிடி காலம் அது. வீட்டுக் கம்ப்யூட்டரே அபூர்வம். கூலி வேலை செய்யாமல் இருந்திருந்தால் ரெண்டாம் வருஷமே கடையை மூடியிருப்பாங்க. அந்த உழைப்பைக் கேவலம்னு நான் சொல்லலை. சோறும் போடட்டும், கூடவே கொல்லையில சொந்தமா ஒரு கன்னும் வளரட்டும்னுதான் சொல்றேன். முதல் அஞ்சு வருஷத்துக்கான காரணத்தை இருபது வருஷத்துக்கு ஓட்டக் கூடாது.

சினிமாவிலும் இதே கதைதான். 2006ல் தமிழ்ப் பேர் வச்சா கேளிக்கை வரி கிடையாதுன்னு அரசு சொன்னதும் 'சம்திங் சம்திங்' உதிர்ந்து வெறும் 'உனக்கும் எனக்கும்' ஆச்சு. படம் தெலுங்கு ரீமேக். போர்டு மட்டும் தமிழ்!

எங்க படாளத்துல ஒரு சர்க்கரை ஆலை இருக்கு. போர்டுல மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை. மதுராந்தகன்னா மதுரைக்கு எமன், சோழ ராஜாக்கள் சூடிக்கிட்ட பட்டம். ஜெயிச்சவன் வச்ச பேர் தாலுக்கா மேலயும் ஆலை மேலயும் இன்னும் உட்கார்ந்திருக்கு. பேர் விஷயத்துல எப்பவும் நடக்கறது இதான். யார் கையில மண்ணோ, அவன் வச்சதுதான் பேர்.

ஆகவே கேம் செய்யக் கிளம்பும் மகாஜனங்களே, பேருக்கு ஒரு மத்தியானம் போதும். மீதி ஆறு மாசத்தை ரெண்டு கேள்விக்கு ஒதுக்குங்க. எழுதின நிரலும் வரைந்த படமும் யாருக்குச் சொந்தம்? முதல் திரையில யார் பேர் வரும்? ரெண்டுக்கும் "எங்களுக்கு, எங்க பேர்" என்று சொல்ல முடிந்தால், பல்லாங்குழி மாதிரி சின்னதா ஒண்ணு செஞ்சாலும் போதும். அப்புறம் 'குப்புசாமி கேம்ஸ்'னு பேர் வச்சாலும் நிற்கும்.

பி.கு: வானத்துத் துருவ நட்சத்திரமும் நிரந்தரம் இல்லைங்க. பூமியின் அச்சு 26,000 வருஷத்துக்கு ஒரு சுற்று தலையாட்டுது. எகிப்துக்காரன் பிரமிடு கட்டின காலத்தில் துபான் என்ற நட்சத்திரம்தான் அங்கே இருந்தது. இன்னும் 12,000 வருஷத்தில் வேகா அந்தப் பக்கம் வரும். துருவம் என்பது ஒருத்தரோட பேர் இல்லை, பதவி. இடத்தைப் பிடிச்சவனுக்கே பட்டம்.