அவரே சொல்லிட்டார்!

1996 சட்டமன்றத் தேர்தலைப் பற்றிப் பேச்சு எழுந்தால், மயிலாப்பூர் மாட வீதியானாலும் தி.நகர் டீக்கடையானாலும் பெரும்பாலும் ஒரே காரணம்தான் சொல்லப்படும்: ரஜினி வாயைத் திறந்தார், ஆட்சி போனது. ஜெயலலிதா மீண்டும் வந்தால் ஆண்டவனாலும் தமிழ்நாட்டைக் காப்பாற்ற முடியாது என்ற பொருளில் அவர் பேசியது உண்மை. தமிழ் மாநில காங்கிரஸின் (த.மா.கா.) சைக்கிள் சின்னத்தோடு 'அண்ணாமலை' படத்து ரஜினி போஸ்டர்களில் வலம் வந்தது உண்மை. அ.தி.மு.க. 4 இடங்களுக்குச் சுருங்கியதும், பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றதும் உண்மை. முன்னது நடந்ததால்தான் பின்னது நடந்தது என்பது மட்டும் நாமாகச் சேர்த்துக்கொண்டது.

தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, 1995 செப்டம்பரில், எம்.ஆர்.சி. நகரில் ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் கல்யாணம் நடந்தது. அதன் ஆடம்பரத்தை ஊரே பார்த்தது. ஊழல் புகார்கள் அதற்கு முன்பே குவிந்திருந்தன. அ.தி.மு.க.வோடுதான் கூட்டணி என்று நரசிம்ம ராவ் முடிவு செய்ததும் மூப்பனார் காங்கிரஸை விட்டு வெளியேறி, த.மா.கா.வைத் தொடங்கி, தி.மு.க.வோடு கைகோத்தார். காற்று ஏற்கெனவே திரும்பிவிட்டது. ரஜினியின் குரல் அதற்கு வேகம் கூட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

பிந்தைய கணக்கை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 1998 பிப்ரவரியில், கோவையில் குண்டுகள் வெடித்த பிறகு, அவர் டி.வி.யில் தோன்றி தி.மு.க. - த.மா.கா. அணிக்கு ஆதரவாகப் பேசினார். 39 தொகுதிகளில் 30 அ.தி.மு.க. அணிக்குப் போயின. 2004-இல் பா.ம.க.வைத் தோற்கடிக்க ரசிகர்களைக் களமிறக்கினார். நதிநீர் இணைப்புக்காகத் தன் ஓட்டு பா.ஜ.க.வுக்கு என்றும் சொன்னார். பா.ம.க. நின்ற எல்லாத் தொகுதிகளிலும் ஜெயித்தது. பா.ஜ.க.வுக்குத் தமிழ்நாட்டில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. பலித்த ஜோசியத்தை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதும், பலிக்காததை மறுநாளே மறந்துவிடுவதும் போல, 1996 மட்டும் நம் நினைவில் தங்கிவிட்டது.

இதில் வாக்காளரை நான் குறை சொல்ல மாட்டேன். ரேஷன் கடையில் அரிசி எப்படி, தண்ணீர் லாரி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதெல்லாம் அவருக்கு நேரடியாகத் தெரியும். முதல் நாள் முதல் காட்சிக்கு வரிசையில் நின்றவரும் வாக்குச்சாவடியில் தன் கணக்கைத் தானே போட்டுக்கொண்டார். நமக்கு நேரடியாகத் தெரியாத விஷயத்தில்தான் பிரபலத்தின் சொல் அளவுக்கு மீறி கனக்கிறது.

மார்கழியில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். மியூசிக் அகாடமியில் எவ்வளவு பெரிய வித்வான் பாடினாலும், காம்போதியில் ஒரு பிடி சரியாக விழவில்லையென்றால் நாலாவது வரிசை மாமா பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்ப்பார். இடைவேளையில், கேன்டீன் காபி ஆறுவதற்குள், எந்த இடத்தில் பிசகியது என்று பாடியே காட்டிவிடுவார். பேரும் விருதும் அங்கே அவரை மிரட்டுவதில்லை, காரணம் அவருக்கு விஷயம் தெரியும். அதே வித்வான் ஒரு பேட்டியில் சர்க்கரை நோய்க்கு இன்ன கஷாயம் போதும் என்றால், அதே மாமா அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். சரிபார்க்கக் கையில் எதுவும் இல்லாதபோது, சொன்னவர் தெரிந்த முகம் என்பதே சான்றாகிவிடுகிறது. இது முட்டாள்தனம் அல்ல. எல்லாவற்றையும் ஆராய்ந்து முடிவெடுக்க யாருக்கும் ஆயுள் போதாது. யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும். பல ஆண்டுகளாக வீட்டுக்குள் டி.வி. வழியாக வந்துபோன முகம் அந்நியமாகத் தோன்றுவதில்லை, அதனால் நம்பிக்கை அங்கே எளிதாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது.

அந்த நம்பிக்கை எந்தப் பக்கமும் சாயக்கூடியது என்பதை 2021 ஏப்ரல் காட்டியது. 15-ஆம் தேதி, ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். மறுநாள் மாரடைப்பில் சரிந்தார். 17-ஆம் தேதி அதிகாலை இறந்தார்; வயது 59. இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுவதும் அடைத்திருந்தது என்றும், தடுப்பூசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் அவர் சிகிச்சையில் இருந்தபோதே மருத்துவமனை வாசலில் இன்னொரு நடிகர், மன்சூர் அலிகான், தடுப்பூசியைக் குற்றம் சாட்டிப் பேசினார். வழக்கு வந்தது, முன்ஜாமீன் தந்த சென்னை உயர் நீதிமன்றம் தடுப்பூசி வாங்க 2 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு அறிவித்தது அக்டோபரில்தான். இடைப்பட்ட மாதங்கள் இரண்டாம் அலையின் மாதங்கள். லட்சக்கணக்கானோர் போட்டுக்கொண்டு நலமாக இருந்தது சாதாரண எண்ணாகவே நின்றது. தெரிந்த ஒரு முகத்துக்கு நேர்ந்தது பயமாக மாறியது. ஊசி போட்டுக்கொள்ள விவேக்கின் முகமே காரணமாக இருந்திருக்கக்கூடியவர்களுக்கு, போடாமலிருக்கவும் அதே முகம் காரணமாயிற்று.

இதில் எங்கள் தொழிலுக்கும் பங்குண்டு. போயஸ் தோட்ட வாசலிலும் விமான நிலையத்திலும் மைக்கை நீட்டி, காவிரி முதல் கொரோனா வரை கேட்கிறோம். கேட்டால் யாரும் ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள். அந்த ஒரு வரி மாலைக்குள் தலைப்புச் செய்தியாகிறது.

உஸ்மான் சாலையில் அண்ணாந்து பார்த்தால் தெரியும் விளம்பர முகங்களுக்காவது சட்டம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான விளம்பரத்துக்குத் துணைபோகும் பிரபலத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. சொன்னது உண்மையா என்று முறையாக விசாரித்த பிறகே நடித்தேன் என்று காட்டினால் தப்பலாம். காசு வாங்காமல் சொல்லும் கருத்துக்கு இப்படிச் சட்டம் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் விசாரித்தாரா என்ற கேள்வியை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

சிக்கலானது அப்துல் கலாம் போன்றவர்களின் விஷயம். 2011 நவம்பரில் கூடங்குளம் சென்று, அணு உலை பாதுகாப்பானது என்றார். அவர் நடிகர் அல்ல, விஞ்ஞானி. பொக்ரான் சோதனையில் முக்கியப் பங்கு வகித்தவர். அவர் சொல்லுக்கு எடை உண்டு. ஆனால் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அவர் படித்தது விமானப் பொறியியல், வாழ்நாள் உழைப்பு ராக்கெட்டிலும் ஏவுகணையிலும். இடிந்தகரை மீனவர்கள் கேட்டதோ வேறு: சூடான நீர் கடலில் கலந்தால் மீன் என்னாகும், விபத்து நடந்தால் எந்த வழியாக வெளியேறுவது, இழப்பீடு யார் தருவது? முதல் கேள்வி கடலியல் அறிஞருக்கு, இரண்டாவது மாவட்ட நிர்வாகத்துக்கு, மூன்றாவது மத்திய அரசுக்கு. கலாமே சொல்லிவிட்டார், இனி என்ன என்று இங்கே பேசியவர்கள் அந்த மூன்றையும் கேட்டிருக்க வேண்டும்.