தேய்த்தால் தடிக்கும் திட்டுக்கள்

சில வருஷங்களுக்கு முன் நமது வகுப்பில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து சேர்ந்தாள். கழுத்திலும் கைகளிலும் தவிட்டு நிறத் திட்டுக்கள். மறுநாளே அடுத்த குழந்தையின் தாயார் வந்து, "பெருவியாதியோ என்னவோ! என் பெண்ணை வேறிடத்தில் உட்கார வையுங்கள்" என்றார். சொல்ல வெட்கமாயிருக்கிறது, நாம் அந்தச் சிறுமியையே தனி பெஞ்சில் உட்கார வைத்தோம். அவள் தகப்பனார் வைத்தியரின் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டிய பிறகே நமது அறியாமை நமக்கு விளங்கிற்று. அன்றே அவளைப் பழைய இடத்திற்கு அழைத்துக்கொண்டோம். அவள் ஏனென்று கேட்கவுமில்லை.

அக்கடிதத்தில் கண்ட பெயர் மாஸ்டோஸைட்டோஸிஸ். நம் உடலில் மாஸ்ட் அணுக்கள் என ஒருவகை உண்டு. பால் எர்லிக் என்னும் ஜெர்மானியப் பண்டிதர் 1878-ல், மாணாக்கராயிருந்தபோதே, இவற்றை விவரித்துப் பெயருமிட்டார். ஹிஸ்டமின் முதலிய அரிப்பூட்டும் வஸ்துக்கள் இவற்றினுள்ளே நிறைந்திருக்கின்றன. இவ்வணுக்கள் சருமத்தில் அளவு மீறிச் சேர்வதே இந்நோய். இது தொற்று வியாதியன்று; பெரும்பாலும் பரம்பரையாய் வருவதுமன்று.

அநேகமாய் இரண்டு வயதிற்குள்ளேயே திட்டுக்கள் தோன்றிவிடும். காணாக்கடித் தடிப்பு ஒரு நாளில் மறையும். இவை மறையாமல் நிற்கும். திட்டைத் தேய்த்தால் சில நிமிஷங்களில் தடித்து அரிக்கும். இதற்கு டாரியர் அடையாளம் என்று பெயர். பெருவியாதித் திட்டிலோ உணர்ச்சி குன்றியிருக்கும். (அந்நோயும் இக்காலத்தில் மருந்தினால் குணமாவதே, எனவே நாம் செய்தது இரட்டைத் தவறு.) ஆனால் தேய்த்துப் பார்க்கும் சோதனையை வைத்தியருக்கே விட்டுவிடுக. பெரிய கட்டி போன்ற திட்டாயிருந்தால் குழந்தை முகம் சிவந்து மயங்கவுங்கூடும். ஐயமிருப்பின் வைத்தியர் சருமத்தில் சிறு துணுக்கெடுத்தும், இரத்தத்தில் டிரிப்டேஸ் அளவைப் பார்த்தும் தெளிவார்.

அச்சிறுமியின் பாட்டியார் திட்டுக்களை அழுக்கென்றெண்ணி, வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் வைத்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வார்த்து, சீயக்காய் போட்டு அழுத்தித் தேய்த்து வந்தாராம்! அன்பினால் செய்ததுதான். ஆயினும் சூடும் உராய்வுமே இந்நோய்க்குப் பகை. வெதுவெதுப்பான நீர் போதும். துவாலையால் துடைக்காமல் ஒற்றியெடுக்க வேண்டும். உறுத்தாத பருத்தி ஆடையே நல்லது. அரிப்பு மிகுந்தால் ஹிஸ்டமினை அடக்கும் மருந்தை வைத்தியர் தருவார்.

ஆஸ்பிரின், ஐபுப்ரோபென், கொடீன் சேர்ந்த இருமல் மருந்து ஆகியவற்றை வைத்தியரைக் கேளாமல் கொடுத்தலாகாது. பல் பிடுங்கவோ, ரண சிகிச்சைக்கோ போகையில் இந்நோயை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தேனீ, குளவி கொட்டி மூச்சுத் திணறினாலோ, குழந்தை துவண்டாலோ கைவைத்தியம் கூடாது. அட்ரீனலின் ஊசி தாமதமின்றிப் போடப்பட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு விரைக.

பெரும்பாலான குழந்தைகளுக்குப் பருவம் எய்துமுன் திட்டுக்கள் மங்கிவிடுகின்றன அல்லது மறைகின்றன. அதுவரையில் ஆகாத மருந்துகளின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பள்ளிக்கூடத்திலும் கொடுத்துவைப்பது நலம். அச்சிறுமியின் தகப்பனார் தந்த சீட்டு இன்றும் நமது மேஜை இழுப்பறையில் இருக்கிறது.