யு.பி.எஸ். பாட்டரியும் நமது பொறுப்பும்

மின்சாரம் தடைப்படும்பொழுது கணிப்பொறி அணைந்துவிடாமல் காக்கும் யு.பி.எஸ். கருவியைப் பலர் வீட்டில் வைத்திருக்கின்றனர். வாங்கிய நாளுக்குப்பின் அதனைக் கவனிப்போர் சிலரே. ஒருநாள் மின்சாரம் நின்ற கணமே கணிப்பொறியும் அணைய, மதிப்பெண் பட்டியலோ கள அறிக்கையோ அழிந்துபோகிறது. கருவியே பழுதென்று கருதுவர். பெரும்பாலும் ஓய்ந்துபோனது அதனுள் இருக்கும் பாட்டரியேயாகும்.

சிறிய யு.பி.எஸ். கருவிகளில் பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள, மூடிய ஈய-அமில பாட்டரி அமைந்துள்ளது. 25 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பநிலையில் அது சுமார் 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். ஆதலின் வெயில் படுமிடத்தில் வைத்தலும், காற்றுத் துளைகளை அடைத்தலும் தகா. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, கணிப்பொறியில் உள்ளவற்றைச் சேமித்தபின், சுவர் சுவிட்சை அணைத்துக் கருவி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று குறித்துவரல் வேண்டும். நேரம் வெகுவாகக் குறைந்தால் பாட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

மாற்றும்பொழுது ஒன்றை மறத்தலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும், பாட்டரி இணைந்துள்ளவரை கருவியினின்று 230 வோல்ட் வெளிவரக்கூடும். ஆகவே கருவியையும் அணைத்து, மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட்டு, முதலில் கறுப்புக் கம்பியை நீக்குக. புதிய பாட்டரி அதே வோல்ட்டும் அதே அளவும் உடையதாக இருத்தல் வேண்டும். பாட்டரி உப்பியோ கசிந்தோ இருந்தாலும், அதற்கெனத் தனி மூடி இல்லாவிடினும், தொழிலறிந்தவரிடம் ஒப்படைப்பதே நன்று.

பழைய பாட்டரியை எடைக்குப் போடும் வழக்கம் கைவிடத்தக்கது. முறையற்ற இடங்களில் அதனை உடைத்து உருக்கும்பொழுது ஈயம் மண்ணிலும் காற்றிலும் கலக்கிறது. சிறுவரின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பாட்டரியைப் பிற குப்பையோடு கலவாது, அதனைத் திரட்டும் அல்லது மறுசுழற்சி செய்யும் அமைப்பினிடம் சேர்ப்பது பயன்படுத்துவோரின் கடமை. புதியது வாங்கும் கடையிலேயே பழையதை ஏற்று விலையில் கழிப்பதும் உண்டு.

கருவி வாங்கும் செலவோடு, சில ஆண்டுகளுக்கொருமுறை பாட்டரி மாற்றும் செலவையும் சேர்த்தே கணக்கிடுதல் முறை. பாட்டரி பொருத்திய நாளைக் கருவியின்மேல் எழுதி ஒட்டுவதற்கோ செலவே இல்லை. ஆசிரியரும் களப்பணியாளரும் தம் வீட்டில் இவ்வழக்கத்தைத் தொடங்குவராயின், பள்ளியிலும் அலுவலகத்திலும் அது தானே பரவும்.