எக்ஸ்ரே அறையில் யார் நிற்கலாம்?

போன மாதம் பென்னாகரம் பக்கம் என் அக்கா பேரன், ஐந்து வயசு வாண்டு, புளியமரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டான். தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் அவன் அம்மாவை விடவே இல்லை. ஊழியர் மெதுவாக, “முழுகாம இருக்கீங்களாம்மா?” என்று கேட்டார். மூன்று மாதம்! உடனே அவளை வெளியே அனுப்பிவிட்டு, கனமான ஈய ஏப்ரனை எனக்கு மாட்டி, “நீங்க பிடிச்சுக்குங்க சார்” என்றார்.

அக்கா மகளுக்குக் கோபம். “கதிர் இவன் கை மேலதானே விழுது? ஓரமா நிக்கிற என்னை என்ன மாமா பண்ணும்?”

நியாயமான கேள்வி. இதற்கான பதிலை 1923-ல் ஆர்தர் காம்ப்டன் என்ற அமெரிக்க விஞ்ஞானி சொல்லிவிட்டார்.

கேரம் விளையாடியிருப்பீர்கள். ஸ்டிரைக்கர் காயில் மோதினால் காய் ஓடும். ஸ்டிரைக்கரும் கொஞ்சம் வலுவிழந்து வேறு பக்கம் திரும்பும். எக்ஸ் கதிரும் அப்படித்தான். அது போட்டான் என்ற ஒளித்துகள்களாக வருகிறது. துகள் ஒன்று எலெக்ட்ரானில் மோதினால், தன் ஆற்றலில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்துவிட்டுத் திசை மாறிப் போகும். எவ்வளவு அதிகமாகத் திரும்புகிறதோ, அவ்வளவு ஆற்றலை இழக்கும். ஒளி துகள் போலவும் நடந்துகொள்ளும் என்பதற்கு இது பலமான சாட்சி. காம்ப்டனுக்கு 1927-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

நம் உடம்பு முழுக்க எலெக்ட்ரான்கள்தானே! எக்ஸ்ரே எடுக்கும்போது, பையன் கையில் மோதிய கதிர்களில் கொஞ்சம் நாலாபக்கமும் சிதறும். அருகில் நிற்பவர் மேல் படுவது அந்தக் கதிர்தான். ஈயம் அதைத் தடுக்கும். தூரமும் காப்பாற்றும்: இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கால் பங்குதான் வந்து சேரும்.

இதற்காக எக்ஸ்ரேவுக்கே பயப்பட வேண்டாம். கை எக்ஸ்ரேயில் உடம்பில் சேரும் கதிர்வீச்சு, இயற்கையாக ஒரு நாளில் நமக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடும், உடம்பில் தங்காது. ஆனால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத் தேவையில்லாத துளிகூட எதற்கு?

மாவுக்கட்டுப் போட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் இதையெல்லாம் சொன்னேன். “அவர் கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லியிருக்கணும் மாமா” என்றாள்.

ஆமாம் தோழிகளே, கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே சொல்லிவிடுங்கள்.