ஆபீசுக்கு சாய்வுதளம் போட்டாச்சு... இணையதளத்துக்கு எப்போ?

திருவண்ணாமலை:

கார்த்திகை தீபம் நெருங்கினாலே நம்ம ஊரில் டிக்கெட் பேச்சுதான். 2022ம் ஆண்டு அண்ணாமலையார் கோவிலுக்குள் நின்று மகாதீபம் பார்க்க ரூ.500, ரூ.600 கட்டண டிக்கெட்டுகளை இணையதளத்தில் விற்றார்கள். இந்த மாதிரி டிக்கெட் போடும்போது பெயர், ஆதார், செல்போன் நம்பர், ஓ.டி.பி. என்று வரிசையாக அடித்து முடிப்பதற்குள் கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கே கை தடுமாறும்.

அதே வேலையை கண் தெரியாத ஒருவர் செய்ய உட்கார்ந்தால்?

"கண் தெரியாதவருக்கு எதுக்குங்க கம்ப்யூட்டர்?" என்று கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தகவல். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் சாப்ட்வேர் வந்து பல வருஷம் ஆகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006ல் 'என்.வி.டி.ஏ.' என்ற சாப்ட்வேரை எழுத ஆரம்பித்தார். காசு கிடையாது, இலவசம். தமிழும் படிக்கும். கம்ப்யூட்டர் வேண்டாம் என்றால் சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே 'டாக்பேக்' என்ற வசதி இருக்கிறது. விரலால் தடவத் தடவ அது சொல்லிக்கொண்டே வரும்.

ஆக, அவர் தயார். தகராறு எல்லாம் எதிர்ப்பக்கத்தில்தான்.

பட்டன்... பட்டன்... பட்டன்...

இணையதளம் செய்கிறவர் ஒவ்வொரு பட்டனுக்கும் உள்ளே ஒரு பெயர் எழுதி வைக்க வேண்டும். 'பணம் கட்டு', 'திரும்பிப் போ' என்கிற மாதிரி. எழுதாமல் படத்தை மட்டும் ஒட்டிவிட்டால், படிக்கிற சாப்ட்வேர் பாவம் என்ன செய்யும்? "பட்டன்... பட்டன்... பட்டன்..." என்று மட்டும் சொல்லும். எது பணம் கட்டுவது, எது ரத்து செய்வது? அண்ணாமலையாருக்கே வெளிச்சம்.

அதைத் தாண்டினால் கேப்ட்சா. கோணல்மாணலாக நாலு எழுத்தைப் படமாகப் போட்டு 'நீ மனுஷன்தானா?' என்று கேட்கும் அந்தக் கட்டம். ஒலியில் கேட்கும் வசதி இல்லை என்றால் பார்வையற்றவர் அதோடு அவுட். அதையும் தாண்டினால் தேதி எடுக்கிற குட்டி காலண்டர். மவுஸ் இல்லாமல் நகரவே நகராது. கை நடுங்குகிறவர்களுக்கும் அது எமன்தான். அதற்குள் 'நேரம் முடிந்தது, முதலில் இருந்து வா' என்று பக்கம் மூடிக்கொள்ளும்.

காது கேளாதவர்களுக்கு வேறு மாதிரி தொல்லை. சந்தேகம் என்றால் இந்த நம்பருக்கு போன் பண்ணுங்கள் என்று போட்டிருப்பார்கள். போன் பண்ணி அவர் என்னத்தைக் கேட்பது?

கடைசியில் என்ன ஆகிறது? பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய், முன்பின் தெரியாத ஆளிடம் ஆதார் அட்டையைக் கொடுத்து, ஏ.டி.எம். கார்டைக் கொடுத்து, போனில் வந்த ஓ.டி.பி.யையும் நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டி இருக்கிறது. 'ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று போலீசும் பேங்கும் தினமும் தொண்டை கிழிய கத்துகின்றன. பார்க்க முடிந்தவர்கள் அதைக் கடைப்பிடிக்கலாம். பார்வையற்றவர் கடைப்பிடிக்க வழியை அடைத்தது யாரு?

2011 மக்கள்தொகை கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். கண்புரை வந்த பெரியவர்கள் பலர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

அச்சு நல்ல அச்சுதான்

திருவண்ணாமலை மாவட்ட இணையதளம், மத்திய அரசின் என்.ஐ.சி. எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவாகச் செய்து கொடுத்த அச்சில் வார்த்தது. எழுத்தைப் பெரிதாக்குவது, நிறத்தை மாற்றுவது போன்ற வசதிகள் அந்த அச்சிலேயே வருகின்றன. நல்ல விஷயம், பாராட்டலாம்.

ஆனால் அச்சு நன்றாக இருந்தால் போதுமா? அதில் ஊற்றுகிற மாவும் சரியாக இருக்கணுமே! தமிழ்நாட்டில் பல அரசு ஆபீஸ்களில் அறிவிப்பை டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, அதிகாரி கையெழுத்து போட்டு, அதை ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். நம் கண்ணுக்கு அது கடிதம். படிக்கிற சாப்ட்வேருக்கு அது வெறும் போட்டோ. ஒரு எழுத்துகூட வாயில் வராது.

தமிழுக்கு மட்டும் இன்னொரு தலைவலி இருக்கிறது. யூனிகோடு எழுத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று தமிழக அரசு 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில் ஆணை போட்டது. அதற்குப் பிறகும் பழைய 'வானவில்' எழுத்துருவை விடாமல் பிடித்துக்கொண்ட ஆபீஸ்கள் உண்டு. திரையில் பார்த்தால் அழகான தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அதைப் படிக்கச் சொன்னால் சாப்ட்வேர் பேய் பிடித்த மாதிரி உளறும். உதவித்தொகை அறிவிப்பு இப்படி உளறினால், கடைசி தேதி என்னைக்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சட்டம் என்ன சொல்லுது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் வந்தது. 2017 ஏப்ரல் 19ந் தேதி அமலானது. அதன் விதிகளிலேயே, இணையதளத்தில் ஏற்றும் ஆவணம் சாப்ட்வேர் படிக்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஸ்கேன் போட்டோ கூடாது என்றுதான் அர்த்தம். சட்டத்தை மீறினால் முதல் தடவை ரூ.10 ஆயிரம் வரை, அடுத்தடுத்து மீறினால் ரூ.50 ஆயிரத்தில் இருந்து ரூ.5 லட்சம் வரை அபராதம்.

அந்த விதி 'செய்தால் நல்லது' என்கிற தொனியில் இருக்கிறது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பர் 8ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு குட்டு வைத்து, மத்திய அரசுக்கு 3 மாதம் கெடு கொடுத்தது.

அடுத்து வந்ததுதான் பெரிய தீர்ப்பு. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட பெண் ஒருவர் பேங்க் கணக்கு தொடங்கப் போனார். கேமரா முன் கண்ணைச் சிமிட்டினால்தான் கணக்கு என்றார்கள். அவரால் சிமிட்ட முடியாது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் 2025 ஏப்ரல் 30ந் தேதி தீர்ப்பு சொன்னார்கள். (மகாதேவன் நம்ம சென்னை ஐகோர்ட்டில் இருந்து போனவர்.) இணைய சேவையைப் பயன்படுத்துவது, வாழும் உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்து 20 உத்தரவுகளைப் போட்டார்கள்.

"இதுக்கெல்லாம் செலவாகுமே" என்பது அதிகாரிகள் வழக்கமாகப் பாடுகிற பாட்டு. 2000ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் கமிட்டியும் இதையேதான் பாடியது. அவர்களின் இணையதளத்தைத் தன்னால் படிக்க முடியவில்லை என்று புரூஸ் மெகுவைர் என்ற பார்வையற்றவர் புகார் கொடுத்திருந்தார். அவ்வளவு செலவாகாது, சரிசெய் என்று மனித உரிமை ஆணையம் உத்தரவிட்டது. கமிட்டி முழுசாகச் செய்யவில்லை. கடைசியில் மெகுவைருக்கு 20 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் கட்ட வேண்டியதாயிற்று. இங்கே பட்டனுக்குப் பெயர் எழுதவும், ஸ்கேன் செய்யாமல் டைப் செய்த பைலையே ஏற்றவும் டெண்டரா விட வேண்டும்?

மவுசை கழற்றிப் பாருங்க

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி ஒரு சோதனை செய்யலாம். மவுசை கழற்றிவிட்டு, 'டேப்' பட்டனை மட்டும் தட்டிக்கொண்டே ஏதாவது ஒரு அரசு இணையதளத்தில் விண்ணப்பத்தை கடைசி வரை நிரப்ப முடிகிறதா என்று பாருங்கள். எங்கே மாட்டுகிறதோ, பெரும்பாலும் பார்வையற்றவரும் அங்கேதான் மாட்டுவார்.

மாட்டினால் அதை எழுதிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்வு கூட்டம் நடக்கிறது. சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025 ஏப்ரலில் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. அப்படி வருகிறவர்களிடமும் இதைக் கொண்டுபோகலாம்.

மனுவில் 'இணையதளம் சரியில்லை' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அது டேபிள் டேபிளாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கம், எந்தக் கட்டம், போனா கம்ப்யூட்டரா, என்ன சத்தம் வந்தது என்று விவரமாக எழுதுங்கள். மனு ரசீதை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.