இருபத்தெட்டு நாள் மாதம்

வீட்டுக்காரர் 28 நாளைக்கு ஒரு முறை வாடகை கேட்டால் நாம் சும்மா விடுவோமா? செல்போன் கம்பெனிகள் அதைத்தான் செய்கின்றன. பன்னிரண்டு மாதத்திற்குப் பதின்மூன்று ரீசார்ஜ்!

2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை ஏற்றின. ஜியோவின் 239 ரூபாய்த் திட்டம் 299 ஆயிற்று. ஒரு நம்பருக்கு வருஷத்தில் 780 ரூபாய் கூடுதல். நாலு போன் உள்ள வீட்டில் 3,120 ரூபாய். கூலிக்காரன் வீட்டில் இது எத்தனை நாள் அரிசி என்பதைக் கணக்குப் பார்க்கத் தெரியாதவர்களா நம் தாய்மார்கள்?

2016ல் இலவசம் என்று சொல்லித்தான் ஜியோ சந்தைக்குள் நுழைந்தது. போட்டியில் சிறிய கம்பெனிகள் மடிந்தன. 2018ல் ஏர்செல் திவாலானபோது தமிழ்நாட்டில் ஜனங்கள் நம்பரைக் காப்பாற்றிக்கொள்ளப் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. போட்டியாளர் ஒழிந்த பின் 2019, 2021, 2024 என்று மூன்று தடவை விலையேற்றம். ஏகபோகத்தின் வழி இதுதான். கட்டணத்தை நிர்ணயிக்கும் சுதந்திரத்தைக் கம்பெனிகளுக்கே விட்டுவிட்டு டிராய் வேடிக்கை பார்க்கிறது. சர்க்காருக்கும் இதில் பங்கு உண்டு: 299 ரூபாயில் 45 ரூபாய்க்கு மேல் ஜி.எஸ்.டி.!

ஜனங்களின் நிர்ப்பந்தத்தால் கிடைத்த சில்லறைச் சலுகைகளை நாம் விட்டுவிடக் கூடாது. 30 நாள் திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் வைக்க வேண்டுமென்று 2022 ஜனவரியில் உத்தரவு வந்தது. கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார், கேட்டு வாங்க வேண்டும். பாட்டியின் பட்டன் போனுக்கு டேட்டா எதற்கு? பேச்சுக்கு மட்டுமான திட்டம் வேண்டுமென்று 2024 டிசம்பரில் டிராய் விதி செய்தது. கம்பெனிகள் கொண்டுவந்ததோ 84 நாள், ஒரு வருஷம் என்ற பெரிய திட்டங்கள். நானூறு ரூபாய்க்கு மேல் ஒரே தடவையில் எடுத்து வைக்க அன்றாடங்காய்ச்சியால் முடியுமா? முடிந்தவர்களுக்கு லாபம்தான். கேட்காத பாட்டு, ஜோதிடச் சேவைகளுக்குப் பணம் பிடித்தால் 155223க்குப் பேசி நிறுத்தலாம்.

நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்ற, 1900க்குச் செய்தி அனுப்பி, வரும் குறியீட்டோடு புதிய கம்பெனியிடம் விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். 2024 ஜூலையில் மட்டும் பி.எஸ்.என்.எல். சுமார் 29 லட்சம் சந்தாதாரர்களைப் பெற்றது. பொதுத்துறை இருந்தால்தான் ஜனங்களுக்குப் போக்கிடம் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் மாறுவதற்கு முன் உங்கள் தெருவில் அதன் சிக்னல் எப்படி என்று பக்கத்து வீட்டில் விசாரித்துக் கொள்ளுங்கள். தனியாருக்கு 2016லேயே கைவசமிருந்த 4ஜி சேவை, பி.எஸ்.என்.எல்.லுக்கு நாடு தழுவிய அளவில் துவக்கப்பட்டது 2025 செப்டம்பரில்தான். இந்தத் தாமதம் ஊழியர்களின் குற்றமல்ல, சர்க்காரின் கொள்கை.

கட்டண நிர்ணயத்தை டிராய் தன் கையில் எடுக்க வேண்டும். பேச்சுக்கு மட்டுமான 30 நாள் திட்டத்தைக் குறைந்த விலையில் கட்டாயமாக்க வேண்டும். பி.எஸ்.என்.எல். டவர்களைக் கிராமங்களுக்கு விரைந்து கொண்டுசெல்ல வேண்டும். வாலிபர், மாதர் சங்கத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் தெருவில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டின் ரீசார்ஜ் கணக்கையும் பார்த்துக் கொடுத்துவிட்டு, இந்தக் கோரிக்கைகளுக்குக் கையெழுத்தும் வாங்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.